கூடு விட்டுக் கூடு பாயும் யந்திரங்கள்

சங்கரன்கோவிலில் என் தமக்கையின் வீடு கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வருஷத்தில் பதினொரு மாதம் அந்த ஊர் என்னைப் பற்றி நினைப்பதில்லை. நானும் அதைப் பற்றி நினைப்பதில்லை. ஆடி பிறந்துவிட்டால் மட்டும் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்துவிடும். "தபசுக்கு வாரியா, இல்லையா?" என்று அக்கா டெலிபோனில் கேட்பாள். கேட்பதற்குக் கேள்வி மாதிரி இருக்கும். உண்மையில் அது உத்தரவு. தொற்று நோய்க் காலத்தைத் தவிர, நான் ஆடித் தபசைத் தவற விட்டதாக ஞாபகம் இல்லை.

கதை தெரியாத நேயர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். ஒருவனுக்குச் சிவபெருமான் பெரியவர். மற்றவனுக்குத் திருமால் பெரியவர். வழக்குத் தீராமல் அம்பிகையிடம் போனார்கள். அம்பிகைக்கே இருவரையும் ஓர் உருவில் காண வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. கோமதியாக வந்து புன்னை வனத்தில் தவம் இருந்தாள். ஆடிப் பௌர்ணமியன்று வலப் பாதி சிவனும் இடப் பாதி திருமாலுமாக ஒரே உடம்பில் காட்சி கிடைத்தது. அந்தச் சங்கரநாராயணர் பெயரால்தான் ஊருக்கும் பெயர்.

ஒரே உடம்பில் இரண்டு பேர் குடியிருப்பது தெய்வங்களுக்கு மட்டும் உரிய காரியம் என்றுதான் நானும் வெகு காலம் எண்ணியிருந்தேன். போன தடவை தபசுக்கு முதல் நாள் இரவு அந்த எண்ணத்தை என் மருமகப்பிள்ளை மாற்றிவிட்டான்.

அக்காவின் மகன் சென்னைக் கம்பெனி ஒன்றில் உத்தியோகம் பார்க்கிறான். ஆனால் 2020க்குப் பிறகு மாதத்தில் பாதி நாள் சங்கரன்கோவில் வீட்டு மாடியில் உட்கார்ந்துதான் பார்க்கிறான். அன்று இரவு புழுக்கம் தாங்காமல் நான் மாடிக்குப் போனேன். மணி பன்னிரண்டு இருக்கும். அவன் கம்ப்யூட்டரும் கையுமாக இருந்தான்.

"என்னடே, இன்னும் தூங்கலையா?"

"சோலி கிடக்கு மாமா. ஒரு மெஷினை இந்த வீட்டிலேர்ந்து அடுத்த வீட்டுக்கு மாத்தணும்."

"மெஷின் எங்கே இருக்கு?"

"மெட்ராஸ்ல. அம்பத்தூர்ல."

"ஆள் இங்கே, சாமான் அங்கேயா? அங்கே யாரு தூக்குறா?"

பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரும் தூக்க வேண்டாம் மாமா. அதுல ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டுக் கணக்கு ஓடிக்கிட்டு இருக்கு. அதை நிறுத்தவும் வேண்டாம். ஓடும்போதே மாத்திரலாம், பாருங்க."

பார்த்தேன். திரையில் பச்சைக் கோடு ஒன்று மெல்ல நீண்டு வந்தது. நான் ஒரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி முடிப்பதற்குள் கோடு கரை சேர்ந்துவிட்டது. "முடிஞ்சுது" என்றான். அந்த நேரத்தில் எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவுக்குத் தம்முடைய யந்திரம் காலின் கீழிருந்து உருவப்பட்டு வேறு இடத்தில் வைக்கப்பட்டது தெரியவே தெரியாது.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். வெகு நேரம் யோசிக்கத் தேவைப்படவில்லை. இடையன் மூலன் இறந்து கிடக்க, பசுக்கள் அழுவதைக் காணப் பொறுக்காமல் ஒரு சித்தர் அவன் உடலில் புகுந்து திருமூலர் ஆன கதை நம்மிடம் இருக்கிறதே! கூடு விட்டுக் கூடு பாய்தல். பசுக்கள் கண்ட மூலன் அதே மூலன்தான். உள்ளே இருப்பவர் வேறு. இங்கே அது தலைகீழ்: உள்ளே இருப்பவர் அதே ஆள்; கூடு மட்டும் வேறு.

வாசகர்கள் பயப்பட வேண்டாம். யந்திர சாஸ்திரம் கற்பிக்கப் போவதில்லை. ஆனால் இந்த வித்தைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் நம் நாட்டுக்கு நேர்ந்த சங்கடம் ஒன்றும், எனக்கு நேர்ந்த நஷ்டம் ஒன்றும் கலந்திருக்கின்றன. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் ஜன்னல் இல்லாத பெரிய கட்டடங்கள் எழும்பியிருக்கின்றன. உள்ளே வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள், அலமாரிக்குள் கம்ப்யூட்டர்கள், அவற்றின் சூட்டைத் தணிக்க இராப் பகலாகக் குளிர் காற்று. கடலுக்கடியில் வரும் கம்பிகள் சென்னையில் கரையேறுவதால் இந்தத் தொழில் அங்கே வேர்விட்டது. நாம் பாங்கில் பணம் போடுவதும், ரயிலுக்கு டிக்கட் வாங்குவதும், பேரன் பள்ளிக்கூட மார்க்கைப் பார்ப்பதும் இப்படிப்பட்ட கட்டடங்களில்தான் நடக்கின்றன. 'மேகம்' என்று இதற்குப் பெயர் வைத்தவர் கவிஞராக இருக்க வேண்டும். தரையோடு தரையாக, டன் கணக்கில் இரும்பும் டீசலுமாக இருக்கிற ஒன்றை மேகம் என்று அழைக்க மற்றவர்களுக்கு மனசு வராது. சொற்களின் வேரைத் தோண்டியே ஆயுளைக் கழித்த தேவநேயப் பாவாணர் 1902-ல் பிறந்தது இந்தச் சங்கரன்கோவிலில்தான். அவர் இருந்திருந்தால் இதற்கு என்ன பெயர் சூட்டியிருப்பாரோ!

இந்தக் கட்டடத்தைப் பழைய காலத்துச் சத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழிப்போக்கர்கள் வருவார்கள், போவார்கள். எந்த அறை காலி, யாருக்கு எந்த அறை, யாருடைய சாமானை யார் தொடக்கூடாது, எந்த அறையில் ஓடு மாற்ற வேண்டும், அதற்குள் அங்கே படுத்திருப்பவரை எங்கே அனுப்புவது என்று பார்க்க ஒரு மணியக்காரர் வேண்டும் அல்லவா? கம்ப்யூட்டர் சத்திரத்தில் மனிதர் அந்த வேலையைப் பார்க்க முடியாது. ஆயிரக்கணக்கான அறைகள், விநாடிக்கு விநாடி மாற்றம். ஆகையால் மணியக்காரரும் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம்தான். நான் சொல்ல வந்தது இந்த மணியக்காரர் சரித்திரம். அவர் யாருடைய ஆள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் ஒரே உடம்பில் பலர் குடியேறிய கதை. 1960களில் கம்ப்யூட்டர் என்பது ஒரு ஹாலை அடைத்துக்கொண்டு நிற்கும் ராட்சசன். விலையும் ராட்சச விலை. ஒருவர் உபயோகிக்கும்போது மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். அமெரிக்காவில் மாஸாசூஸட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். கம்பெனியின் விஞ்ஞானக் கூடத்தார் ஒரு தந்திரம் செய்தார்கள். ஒரு யந்திரத்தையே பல யந்திரங்களாகத் தோன்றும்படி செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் முழு யந்திரமும் தமக்கே சொந்தம் என்ற பிரமை. அடியில் இருப்பதோ ஒன்றே ஒன்று. 1967-ல் இது அந்தக் கூடத்தில் நடைமுறைக்கு வந்தது. 1972-ல் வி.எம்./370 என்ற பெயரோடு வாடிக்கைக்காரர்களுக்கும் கிடைத்தது. மாயாவாதம் பேசுகிறவர்கள் சந்தோஷப்பட வேண்டிய விஷயம்.

அதில் ஒரு விசேஷம். அந்தப் புரோகிராமோடு அதன் மூலத்தையும் கொடுத்தார்கள். சமையலோடு செய்முறையையும் எழுதிக் கொடுத்த மாதிரி. வாங்கியவர்கள் உப்புப் புளியைக் கூட்டிக் குறைத்து, தங்கள் திருத்தங்களை ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொண்டார்கள். 1955-லிருந்தே அதற்கென்று அவர்களிடம் ஒரு சங்கம் இருந்தது. ஷேர், அதாவது 'பகிர்' என்று அதற்குப் பெயர்.

அதே 370 குடும்பத்து யந்திரம் ஒன்று 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்து சேர்ந்தது. மேற்கு ஜெர்மனி சர்க்கார் கொடுத்த நன்கொடை. இளம் என்ஜினீயர்கள் துளையிட்ட அட்டைகளைக் கட்டுக் கட்டாகச் சுமந்துகொண்டு வந்து, அதன் முன்னால் தவம் கிடந்து, மறுநாள் பலன் பெற்றுப் போவார்கள். ஓர் அட்டை இடம் மாறினால் மறுபடியும் வரிசை.

இந்தச் சமயத்தில்தான் நாட்டுக்குச் சங்கடம் வந்தது. 1973-ல் இயற்றிய அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி, வெளிநாட்டுக் கம்பெனிகள் இந்தியாவில் தங்கள் பங்கை நூற்றுக்கு நாற்பதாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஐ.பி.எம். சம்மதிக்கவில்லை. 1977-ல் ஜனதா சர்க்கார் வந்தது. ஜார்ஜ் பெர்னாண்டஸ் கைத்தொழில் மந்திரியானார். பேச்சு வார்த்தை பலிக்காமல் 1978-ல் ஐ.பி.எம். கடையைக் கட்டிவிட்டது. கோகோ கோலாவும் அதே காலத்தில்தான் போயிற்று. கோகோ கோலா போனால் பானகம் குடிக்கலாம். கம்ப்யூட்டருக்குப் பானகம் எங்கே? அந்த யந்திரங்களில் பல, கம்பெனி வாடகைக்கு விட்டவை. பழுது பார்த்தவர்களும் அவர்களுடைய ஆட்களே.

நல்ல வேளையாக, 1975-லேயே சர்க்கார் கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பொரேஷன் என்று ஒரு ஸ்தாபனத்தை ஏற்படுத்தியிருந்தது. சி.எம்.சி. என்றால் பலருக்கு ஞாபகம் வரும். ஐ.பி.எம்.மில் வேலை பார்த்த நம்மவர்களில் பலர் அங்கே சேர்ந்தார்கள். நாடெங்கும் கிடந்த பழைய யந்திரங்களைத் தட்டிக் கொட்டி ஓட வைத்தார்கள். அடுத்த பத்தாண்டுகளுக்குள் அந்த சி.எம்.சி.தான் ரயில் டிக்கட் ரிசர்வேஷனையே கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்தது. நான் பொதிகை எக்ஸ்பிரஸில் கீழ்ப் படுக்கை கேட்டு மேல் படுக்கை பெறும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

1978-ல் சட்டம் செய்தது சரியா, கம்பெனி போனது சரியா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. எனக்குப் பட்டது வேறு. வீட்டுக்காரர் ஊரை விட்டுப் போனால் குடியிருப்பவர் கதி என்ன என்ற கேள்வி நமக்கு மற்றவர்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

மற்றவர்களுக்கு அது 1983-ல் வந்தது. அந்த வருஷம் பிப்ரவரியில் ஐ.பி.எம். ஓர் அறிவிப்புச் செய்தது: இனிமேல் சமையல் மட்டும்தான்; செய்முறை கிடையாது. புரோகிராமின் மூலத்தைக் கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்தப் போகிறோம் என்று. பகிர் சங்கத்தார் கூச்சல் போட்டுப் பார்த்தார்கள். அதே வருஷம் செப்டம்பர் மாதத்தில், அமெரிக்காவின் அதே கேம்பிரிட்ஜ் நகரில், ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற தாடிக்காரர் வேறோர் அறிவிப்புச் செய்தார்: எல்லோரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற நிபந்தனையோடு ஒரு முழுப் புரோகிராம் தொகுதியை நான் எழுதப் போகிறேன்! 'க்னூ' என்று அதற்குப் பெயர். ஒன்றுக்கொன்று நேரான சம்பந்தம் இல்லாத இரண்டு செய்திகள்தான். ஆனாலும் ஒரே வருஷத்தில், ஒரு கதவு சாத்தும்போது இன்னொரு கதவு திறந்த சப்தம் எனக்குக் கேட்கிறது. நாவல் எழுதுகிறவன் காதில் இந்த மாதிரிச் சப்தங்கள் கேட்பது வழக்கம்.

பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1991-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற இருபத்தொரு வயது மாணவர் லினக்ஸை வெளியிட்டார். ஒரே உடம்பில் பலரைக் குடிவைக்கும் பழைய வித்தையை, சாதாரண மேஜைக் கம்ப்யூட்டருக்கும் கொண்டு வந்தது 1998-ல் தொடங்கிய விஎம்வேர் கம்பெனி. அதற்குத் திறந்த பாதையில் பதில் சொன்னது 2003-ல் வந்த ஸென். இது இங்கிலாந்துக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில். இரண்டு கேம்பிரிட்ஜையும் வாசகர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் குழப்பிக்கொண்டு மருமகனிடம் திட்டு வாங்கினேன். 2007-ல் கேவிஎம் என்ற இன்னொரு முறை லினக்ஸுக்குள்ளேயே சேர்ந்தது.

அம்பத்தூரில் நடந்த பாய்ச்சலுக்கு 2005-ல் ஸென் கோஷ்டியார் எழுதிய கட்டுரை ஒன்று முக்கியமான படி. யந்திரத்தின் நினைவுகளை, அது வேலை செய்துகொண்டிருக்கும்போதே, புதுக் கூட்டுக்குப் பிரதி எடுப்பார்கள். எடுத்து முடிப்பதற்குள் சில நினைவுகள் மாறியிருக்கும். மாறியவற்றை மட்டும் மறுபடி எடுப்பார்கள். அதற்குள் இன்னும் கொஞ்சம் மாறியிருக்கும், அதையும் எடுப்பார்கள். மிச்சம் மிகவும் சொற்பமானதும் ஒரு கணம் மூச்சைப் பிடித்து, மீதியையும் கொண்டு போய் வைத்து, அங்கே கண் விழிக்கச் செய்வார்கள். அவர்கள் பலர் கூடி விளையாடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றை இப்படி இடம் மாற்றிப் பார்த்தார்கள். விளையாட்டு நின்ற நேரம் ஒரு விநாடியை ஆயிரம் கூறு செய்தால் அதில் அறுபது கூறு. கண் இமைப்பதற்கு அதைவிட அதிக நேரம் ஆகும்.

சரி, வித்தை வந்துவிட்டது. சத்திரத்து மணியக்காரர்? அவரையும் பொதுவில் உண்டாக்கினார்கள். 2010 ஜூலையில் அமெரிக்க விண்வெளி ஸ்தாபனமான நாஸாவும் ராக்ஸ்பேஸ் கம்பெனியும் தங்கள் கையில் இருந்ததைச் சேர்த்து ஓப்பன்ஸ்டாக் என்று வெளியிட்டன. ஆறு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு. அகர வரிசைப்படி பெயர்கள். 2022-ல் வந்த பதிப்புக்கு 'யோகா' என்று பெயர். என் மருமகனுக்கு அதில் ஒரு தனிப் பெருமை. சிட்ரிக்ஸ் கம்பெனி 2011-ல் விலைக்கு வாங்கிய கிளவுட்ஸ்டாக் என்ற மணியக்காரரை, மறு வருஷமே அப்பாச்சி என்ற பொது ஸ்தாபனத்துக்கு எழுதி வைத்துவிட்டது. தர்மசிந்தனை மட்டும் காரணம் என்று நான் சொல்லவில்லை. பக்கத்து வீட்டான் சத்திரம் பெரிதாகிவிடும் என்ற பயமும் தர்மம் செய்ய வைக்கும்.

நம் பக்கத்திலும் காரியம் நடந்திருக்கிறது. சென்னையில் உள்ள ஸீ-டாக் என்ற மத்திய சர்க்கார் ஆராய்ச்சி ஸ்தாபனம் 2007-ல் 'பாஸ்' என்ற லினக்ஸ் தொகுதியை வெளியிட்டது. பிற்பாடு இப்படிப்பட்ட பொது மூலங்களைக் கொண்டே ஒரு மேக மணியக்காரரையும் உண்டாக்கி 'மேகதூத்' என்று பெயர் வைத்தது. காளிதாசனின் மேகம் காதலிக்குச் சேதி கொண்டு போயிற்று. இது சர்க்கார் இலாகாக்களுக்குக் கணக்குக் கொண்டு போகிறது. 2014-ல் மத்திய சர்க்கார் தன் சொந்த மேகத்துக்கு 'மேகராஜ்' என்று நாமகரணம் செய்தது. மறு வருஷம், இலாகாக்கள் வாங்குவதற்கு முன் திறந்த மூலத்தை முதலில் பார்க்க வேண்டும் என்று கொள்கை வகுத்தது. கொள்கை எவ்வளவு தூரம் அலுவலக மேஜைக்கு வந்தது என்பது வேறு விஷயம். தமிழ்நாட்டு சர்க்கார் 2011-ல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவசமாக மடிக் கம்ப்யூட்டர் கொடுக்க ஆரம்பித்தபோது, விண்டோஸோடு இந்தப் பாஸையும் சேர்த்துக் கொடுத்தார்கள். என் மருமகன் முதன் முதலில் லினக்ஸைத் தொட்டது அதில்தான். அவனோடு படித்தவர்கள் எல்லோரும் அதைத் திறந்து பார்த்ததில்லையாம். "நான் மட்டும் கெட்டுப்போனேன் மாமா" என்கிறான்.

இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள், தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையில், ஸோஹோ கம்பெனியார் கிராமத்தில் உட்கார்ந்தே உலகத்துக்குப் புரோகிராம் எழுதுகிறார்கள். கம்ப்யூட்டர் கூடங்களை நிர்வகிக்கும் சரக்கும் அவர்களிடம் உண்டு. அவர்கள் வழி சொந்த வழி. பொது வழி இல்லை. அதுவும் ஒரு வழிதான். ஊரில் தனியார் கிணறும் வேண்டும், ஊருணியும் வேண்டும்.

ஊருணி ஏன் வேண்டும் என்பதற்கு என் நஷ்டத்தைச் சொல்கிறேன்.

1990களில் நான் கம்ப்யூட்டரில் எழுதத் தொடங்கினேன். அப்போது தமிழுக்கு ஒரு பொது எழுத்து முறை பழக்கத்தில் இல்லை. ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகத் தமிழ் எழுத்துக்கு எண் கொடுத்து வைத்திருந்தார்கள். 1999-ல் சென்னை மாநாட்டில் அறிஞர்கள் கூடித் தீர்மானம் செய்வதற்கு முன்னால் அது சந்தைக் கடை. நான் ஒரு கடைக்காரரிடம் எழுத்துச் சரக்கு வாங்கினேன். நன்றாகவே இருந்தது, 'ழ'வின் சுழி என்ன அழகு! அதிலே ஒரு நாவல் எழுதினேன். முதல் அத்தியாயம் ஒரு பத்திரிகையில் வந்தது. பிறகு சண்டையோ சோம்பலோ, மீதியைப் போடவில்லை. சில ஆண்டுகளில் அந்தக் கடைக்காரர் தொழிலை விட்டார். என் கம்ப்யூட்டரும் செத்தது. புதுக் கம்ப்யூட்டரில் நாவலைத் திறந்தால், இருபத்து நான்கு அத்தியாயங்களும் கொசு நசுக்கிய சுவர் மாதிரி இருந்தன. எழுதியவன் நான், கதை என்னுடையது, காகிதமும் என்னுடையது. எழுத்தின் சாவி மட்டும் வேறொருவர் இடுப்பில் இருந்தது. அவரும் இல்லை. என் கதாநாயகி பன்னிரண்டாவது அத்தியாயத்தில் சாத்தூர் ரயிலடியில் நின்றாள் என்பது வரை எனக்கு நினைவு. அப்புறம் அவள் என்ன செய்தாள் என்று எனக்கே தெரியாமல் இருபது வருஷம் போயிற்று.

இதை நான் வேடிக்கையாகச் சொல்கிறேன். அந்த நாட்களில் அது வேடிக்கையாக இல்லை.

ஒரு மனிதனுக்கு ஒரு நாவல். ஓர் ஆஸ்பத்திரிக்கு? ஒரு முனிசிபாலிடிக்கு? உலகத்தில் ஏராளமான ஸ்தாபனங்கள் தங்கள் யந்திரக் குடித்தனத்தை விஎம்வேர் மணியக்காரரிடம் ஒப்படைத்திருந்தன. அவர் கெட்டிக்காரர், வேலையில் குறை சொல்ல முடியாது. 2023 நவம்பரில் பிராட்காம் கம்பெனி அந்தக் கம்பெனியை முழுவதுமாக வாங்கிற்று. டிசம்பரில், ஒரு தடவை விலை கொடுத்து என்றைக்கும் வைத்துக்கொள்ளும் உரிமையை இனி விற்பதில்லை, சந்தாதான் என்று அறிவித்தது. வாங்கியவர் இஷ்டப்படி வியாபாரம் செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. குடியிருந்தவர்களோ அன்றைக்குத்தான் வாடகைச் சீட்டை எடுத்து மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்கள்.

திறந்த மூல மணியக்காரர்களின் புதிய அம்சங்களைப் படிக்கும்போது இந்த வரலாறு ஞாபகத்தில் இருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் கிளவுட்ஸ்டாக் 4.19 வெளிவந்தது. எந்த அறையிலாவது நெரிசல் அதிகமானால் தானே பார்த்துச் சிலரைக் காலியான அறைக்கு மாற்றுகிற சாமர்த்தியம் அதில் சேர்ந்தது. அதைவிடப் பெரிது, விஎம்வேரில் குடியிருக்கும் யந்திரத்தை அப்படியே கேவிஎம்முக்குக் கொண்டு வரும் வழி. ஏப்ரலில் வியன்னா நகரத்து ப்ராக்ஸ்மாக்ஸ் கோஷ்டியாரும் தங்கள் 8.2-ஆம் பதிப்பில் இதே வழியைப் போட்டார்கள். அந்த வருஷம் டிசம்பரில், பல ஊர்ச் சத்திரங்களை ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் பெரிய மணியக்காரரின் முதல் மாதிரியையும் வெளியிட்டார்கள். பட்டியலில் இவை ஒரு வரி, இரண்டு வரி. ஆனால் வாசல் என்பது எந்த வீட்டுக்கும் ஒரு வரிதானே?

"அப்போ இனிமே கவலை இல்லைன்னு சொல்லு" என்றேன் மருமகனிடம்.

"யாரு சொன்னா? இதுல வேற கவலை" என்றான். அப்போதுதான் அந்த அரை விநாடிக் கதையைச் சொன்னான். துப்பறியும் நாவல் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது.

லினக்ஸ் யந்திரங்களில் எங்கு பார்த்தாலும் எக்ஸ்ஸீ என்று ஒரு சிறு கருவி இருக்கும். பெரிய மூட்டையைச் சின்ன மூட்டையாக அமுக்கிக் கட்டும் வேலை. அதைப் பராமரித்து வந்தவர் ஒரே ஒருவர். சம்பளம் இல்லாமல், ஓய்ந்த நேரத்தில். அவர் களைத்துப் போயிருந்தார். 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டு வருஷம் ஒழுங்காக வேலை செய்தார், நம்பிக்கை பெற்றார், சாவிக் கொத்தும் கைக்கு வந்தது. அதன் பிறகு, 2024-ல் வந்த பதிப்பில், உலகத்து யந்திரங்களுக்குள் திருட்டுத்தனமாக நுழைவதற்கு ஒரு கள்ள வாசலை ஒளித்து வைத்தார். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது ஓர் ஆளா, ஒரு கும்பலா என்பது இன்னும் வெளிச்சத்துக்கு வரவில்லை.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்பவர். மைக்ரோஸாஃப்ட் கம்பெனியில் உத்தியோகம். வேறு ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தார். தம் யந்திரத்துக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாவதைக் கவனித்தார். நம்மில் யாராவது அரை விநாடியைக் கவனிப்போமா? நான் அரை மணியையே கவனிப்பதில்லை. அவர் விடவில்லை. நூல் பிடித்துக்கொண்டு போனார். மார்ச் 29-ஆம் தேதி உலகத்துக்கு அறிவித்தார். பெரும்பாலான யந்திரங்களுக்கு அந்தப் பதிப்புப் போய்ச் சேருவதற்கு முன்னால் தடுத்துவிட்டார்கள். மூலம் திறந்திருந்ததால் அவரால் நூலைக் கடைசி வரை பிடிக்க முடிந்தது. மூலம் திறந்திருந்ததால்தான் அந்த மர்ம ஆசாமியும் உள்ளே வர முடிந்தது. இரண்டும் உண்மை. மருமகன் இரண்டையும் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினான்.

நம் பக்கத்துக் குளங்களுக்குக் குடிமராமத்து என்று ஒன்று இருந்தது. குளத்துத் தண்ணீர் பாயும் வயல்காரர்கள் வருஷத்துக்கு ஒரு முறை ஆளுக்கொரு மண்வெட்டியோடு போய்க் கரையை மண் போட்டு உயர்த்த வேண்டும். வாய்க்கால் தூர் எடுக்க வேண்டும். அது நின்றபோது குளமும் மேடிட்டது. இந்தப் பொதுப் புரோகிராம்களில் தண்ணீர் பாய்ச்சிக்கொள்கிற கம்பெனிகள் நம் நாட்டில் அநேகம். மண்வெட்டி எடுத்து வருகிறவர்கள் எத்தனை பேர் என்று மருமகனைக் கேட்டேன். அவன் பதில் சொல்லாமல் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு, "நான் ரெண்டு தப்பு திருத்தி அனுப்பியிருக்கேன். ஒண்ணை ஏத்துக்கிட்டாங்க" என்றான், வெட்கத்தோடு.

அந்த வெட்கம் எனக்குப் பிடித்துப் போயிற்று. அதனால்தான் மறுநாள் காலையில், பையிலேயே தூக்கித் திரிந்த பழைய நாவலை அவனிடம் கொடுத்தேன். ஓப்பன்-தமிழ் என்று சிலர் சேர்ந்து எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் தொகுதி ஒன்று இருக்கிறதாம். பழைய எழுத்து முறைகள் பலவற்றைப் புதியதாக்கும். என் கடைக்காரர் முறை அதில் இல்லை. பையன் என்ன செய்தான் தெரியுமா? பத்திரிகையில் அச்சான முதல் அத்தியாயத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டான். கொசு நசுக்கிய முதல் அத்தியாயத்தை மறு பக்கம் வைத்துக்கொண்டான். எந்தக் கறை எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாக அட்டவணை போட்டான். பிற்பகலுக்குள் பதினாறு அத்தியாயங்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டன. மீதி எட்டு, காப்பி எடுத்தபோதே கெட்டிருக்க வேண்டும், வரவில்லை. போட்ட அட்டவணையை யாருக்காவது உதவட்டும் என்று அவனும் பொதுவில் வைத்துவிட்டான்.

சாத்தூர் ரயிலடியில் நின்ற பெண் ரயில் ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். இவ்வளவு சாதாரணமாகவா எழுதியிருந்தேன் என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சாயங்காலம் தபசுக் காட்சி. தெருவில் எள் போட இடமில்லை. அம்பாள் தபசு மண்டபத்தில் காத்திருக்க, சங்கரநாராயணராகச் சுவாமி வந்து நின்றார். சுற்று வட்டாரத்துச் சம்சாரிகள் மடியில் கட்டி வந்ததை அவிழ்த்தார்கள். பருத்தி, மிளகாய் வத்தல், நவதானியம். அவரவர் காட்டில் விளைந்தது. சூறை விடுவது என்று பெயர். சப்பரத்தை நோக்கி வீசுவார்கள்; கூட்டத்தின் தலையில் விழும்; எடுத்தவர்களுக்கு அது பிரசாதம். மருமகன் சட்டைப் பையில் டெலிபோன் அடித்தது. அந்த இரைச்சலில் காதைப் பொத்திக்கொண்டு, "ஆமா, மூணாவது மெஷினும் மாறிட்டு... இல்லே, யாருக்கும் தெரியலை" என்று கத்தினான். என் தோளில் ஒரு கொத்துப் பருத்தியும் நாலைந்து வத்தலும் விழுந்தன. பருத்தியை அக்கா விளக்குத் திரிக்கு எடுத்து வைத்தாள். வத்தலை மறுநாள் மோர்ச் சோற்றுக்கு வறுத்துப் போட்டாள், நல்ல காரம்.